கூடையைக் கொட்டிப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்: அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பாதுகாப்பான விளையாட்டுப் பொருள்கள் குறித்துப் பயிற்சி அளிப்போருக்கான முழுமையான வழிகாட்டி

நான் பார்த்த அங்கன்வாடி மையங்கள் பலவற்றில் நல்ல பொம்மைகள் பீரோவுக்குள்ளும், உடைந்த பொம்மைகள் பிள்ளைகளின் கையிலும் இருந்தன. பணியாளர்களுக்கு அக்கறை இல்லாததால் இப்படி ஆவதில்லை. புதிய பொருள் உடைந்துவிட்டால் இருப்புப் பதிவேட்டுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்; உடைந்ததைத் தூக்கி எறிந்துவிட்டாலோ, ஆய்வுக்கு வருபவர் அதைக் காட்டச் சொல்லும்போது கையில் ஒன்றும் இருக்காது. இந்த இரண்டு அச்சங்களையும் போக்காமல், எந்தப் பொம்மை பாதுகாப்பானது என்று ஒரு நாள் முழுவதும் வகுப்பெடுத்தாலும் மறுநாள் காலையில் மையம் பழையபடியேதான் இருக்கும். எனவே வட்டார மேற்பார்வையாளர்களுக்கும், தனியார் காப்பகங்களை நடத்துவோருக்கும், பயிற்சி அளிக்கும் மற்றவர்களுக்கும் எழுதப்பட்ட இந்த வழிகாட்டி, பொருள்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு அவற்றைக் கையாளும் மனிதர்களைப் பற்றியும் பேசுகிறது.

முதல் படி: பேசாமல் அரை நாள் உட்கார்ந்திருங்கள்

பயிற்சிக்கு முன்பாக மையத்துக்குச் சென்று, காலையில் பிள்ளைகள் வந்து சேரும் நேரம் முதல் மதிய உணவு வரை ஓரமாக அமர்ந்து கவனியுங்கள். எத்தனை பொம்மைகள் இருக்கின்றன என்ற எண்ணிக்கை அப்போது தேவையில்லை. இரண்டு வயதுப் பிள்ளை எதை வாயில் வைக்கிறது, நான்கு வயதுப் பிள்ளை எதை எறிகிறது, ஆயாம்மா சமையலறையில் இருக்கும்போது அறையில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், அக்காளுடன் வந்த ஒன்றரை வயதுத் தம்பி எங்கே தவழ்கிறான் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மையங்களில் இருப்பது ஒரே அறைதான். அந்த அறையில் வயதுவாரியாகப் பிரித்த அலமாரி என்பது காகிதத்தில் மட்டுமே சாத்தியம் என்பதை நீங்கள் கண்ணால் பார்த்திருந்தால்தான், பின்னால் சொல்லப்போகும் விதிகளை அந்த அறைக்கு ஏற்றபடி அமைக்க முடியும்.

அன்று எந்தக் குறையையும் சுட்டிக்காட்டாதீர்கள். உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் அந்தப் பொருளை எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கூடையைப் பாயில் கொட்டுங்கள்

பிள்ளைகள் சென்ற பிறகு, மையத்தில் உள்ள எல்லா விளையாட்டுப் பொருள்களையும், பீரோவில் பூட்டி வைத்தவற்றையும் சேர்த்து, ஒரு பாயில் கொட்டச் சொல்லுங்கள். பணியாளரும் உதவியாளரும் சேர்ந்தே இதைச் செய்ய வேண்டும். பயிற்சி என்றால் டீச்சருக்கு மட்டும்தான் என்று உதவியாளரை அடுப்படிக்கு அனுப்பிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஆனால் பிள்ளை எதையாவது வாயில் போடும் நேரத்தில் அருகில் இருப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

பொருள்களை மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: கொடுக்கலாம், சரிசெய்து கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது. நீங்கள் பிரித்துக் காட்டாதீர்கள். அவர்கள் ஒரு பொருளை எந்தக் குவியலில் வைத்தாலும், "ஏன் அக்கா இதை இங்கே வைத்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். காரணத்தைத் தம் வாயால் சொல்பவருக்கு அது நினைவில் நிற்கும். தவறான குவியலில் வைக்கப்பட்ட பொருளை அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த படியில் அவர்களே அதை எடுத்து மாற்றி வைப்பார்கள்.

மூன்றாம் படி: பத்து சென்டிமீட்டர் காகிதம்

"சிறிய பொருள் ஆபத்து" என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சிறியது என்பதில்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். இதற்குப் பொம்மைத் தரநிலைகளில் ஓர் அளவு இருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையைக் கருத்தில் கொண்டு வகுக்கப்பட்ட சோதனை உருளையின் விட்டம் 31.7 மி.மீ.; அதன் ஆழம் ஒரு பக்கம் 25.4 மி.மீ. ஆகத் தொடங்கி மறுபக்கம் 57.1 மி.மீ. வரை சரிவாக இறங்கும். எந்த அழுத்தமும் கொடுக்காமல் ஒரு பொருள் முழுவதுமாக அந்த உருளைக்குள் அடங்கிவிட்டால், அது மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு உரியதன்று.

இந்த உருளையை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கெட்டியான சார்ட் காகிதத்தில் 10 செ.மீ. நீளமும் 5.7 செ.மீ. அகலமும் உள்ள பட்டை ஒன்றை வெட்டி, நீளத்தின் இரு முனைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தொட்டுக்கொண்டு நிற்கும்படி சுருட்டி, வெளிப்பக்கம் டேப் ஒட்டுங்கள். சுற்றளவு 10 செ.மீ. என்றால் விட்டம் 31.8 மி.மீ. வரும், தரநிலை கேட்பதும் ஏறத்தாழ அதுதான். சரிவு இல்லாமல் முழு உயரத்துக்கும் நேராக இருப்பதால் நம் உருளை சற்றுக் கூடுதல் கண்டிப்பாக இருக்கும், அதனால் நட்டமில்லை. அதை மேசைமேல் நிறுத்தி, பொருளை எல்லா வாக்கிலும் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பந்துக்கும் கோலிக்கும் இது போதாது. உருண்டையான பொருள் தொண்டையை முழுவதுமாக அடைத்துவிடும் என்பதால் அதற்கான வளையம் பெரியது: விட்டம் 44.5 மி.மீ. இதற்கு 14 செ.மீ. நீளப் பட்டையைச் சுருட்டினால் போதும். அந்த வளையத்தின் வழியே தானாக விழுந்துவிடும் பந்து எதுவும் மூன்று வயதுக்குட்பட்டவர் கைக்குப் போகக் கூடாது.

பயிற்சியின் திருப்புமுனை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வருகிறது. இரண்டு காகிதக் குழாய்களையும் கையில் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். பாட்டில் மூடி, சட்டைப் பொத்தான், பாசிமணி, கிரேயான் துண்டு, புளியங்கொட்டை, சோழி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். எண்ணிக்கை கற்பிக்கப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய புளியங்கொட்டை சத்தமில்லாமல் உள்ளே விழும்போது அறையில் ஓர் அமைதி வரும். அந்த நேரத்தில் அறிவுரை சொல்லாதீர்கள்.

சோதனையில் தோற்றதை எல்லாம் எறிந்துவிட வேண்டுமா என்று அவர்கள் கேட்பார்கள். வேண்டியதில்லை. நான்கு வயதுப் பிள்ளைகள் புளியங்கொட்டையை எண்ணலாம், பல்லாங்குழி ஆடலாம். ஆனால் டீச்சர் உடன் அமர்ந்திருக்கும் நேரத்தில், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் முறையில், சின்னப் பிள்ளைகள் எட்டாத மேசையில் மட்டுமே. பொதுக் கூடையில் அது இருக்கக் கூடாது. ஒரே அறையில் எல்லா வயதினரும் இருக்கும் மையத்தில் கூடைக்கான விதி, அங்கே இருக்கும் மிகச் சிறிய பிள்ளைக்கான விதியே.

நான்காம் படி: இழு, வளை, குலுக்கு, தேய்

அளவில் தேறிய பொம்மையும் நாளை உடைந்து சிறிய துண்டாகலாம். ஆகவே ஒவ்வொன்றையும் கையால் சோதிக்கக் கற்றுக்கொடுங்கள். பொம்மையின் கண், மூக்கு, வண்டியின் சக்கரம் ஆகியவற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். பிளாஸ்டிக்கை மெல்ல வளைத்தால் வெள்ளைக் கோடு விழுகிறதா, நொறுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வெயிலில் கிடந்த மலிவான பிளாஸ்டிக் முதலில் காட்டும் அறிகுறி இதுவே. கிலுகிலுப்பையைக் குலுக்கினால் ஓசை பழையபடி வருகிறதா, தையல் பிரிந்த துணிப் பொம்மையிலிருந்து பஞ்சோ மணியோ எட்டிப் பார்க்கிறதா என்று கவனிக்க வேண்டும். மர விளிம்பில் விரலை ஓட்டிச் சிலாம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கயிறு கட்டிய இழுவண்டியாக இருந்தால், கயிற்றை ஒரு சாணுக்குமேல் விடாமல் வெட்டிவிடச் சொல்லுங்கள்; நீளமான கயிறு கழுத்தைச் சுற்றும்.

ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்து நிறம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதும் பயனுள்ளதே. ஆனால் நிறம் ஒட்டாத பொம்மையில் ஈயம் இல்லை என்று அதற்குப் பொருளன்று. ஈயம், காட்மியம் ஆகிய நச்சு உலோகங்களைக் கண்ணோ மூக்கோ காட்டிக்கொடுக்காது. ஆய்வகம் மட்டுமே காட்டும். வீட்டுப் பயன்பாட்டு வண்ணப் பூச்சுகளில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பைத் தாண்டக் கூடாது என்னும் விதி 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பூசிய ஊஞ்சல், சறுக்கு, மர நாற்காலி ஆகியவற்றில் பூச்சு உரிந்திருந்தால், பிள்ளைகள் அருகில் இருக்கும்போது அதைச் சுரண்டித் தூசி கிளப்பக் கூடாது. யார் வீட்டிலோ மிஞ்சிய எனாமல் பெயிண்ட்டைக் கொண்டுவந்து பழைய மரப் பொம்மைகளைப் புதிதாக்கும் நல்லெண்ணத்தையும் தடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: விவாதமே இல்லாத பொருள்கள்

சில பொருள்களைப் பற்றிக் கேள்வி கேட்டுப் பதில் வரவழைக்கும் பொறுமை தேவையில்லை, நேராகச் சொல்லிவிடலாம்.

பட்டன் பேட்டரி முதலாவது. பாட்டுப் பாடும் அட்டை, மின்னும் மோதிரம், சிறிய ரிமோட், விளக்கு எரியும் செருப்பு என எதிலும் அது ஒளிந்திருக்கும். விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரத்தில் பாயும் மின்னோட்டம் உண்டாக்கும் காரத்தால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஏற்படலாம். அதிலும் 20 மி.மீ. விட்டமுள்ள லித்தியம் வகை மிகக் கொடியது. பேட்டரி அறையின் மூடி திருகாணியால் பூட்டப்படாத பொம்மையை மையத்துக்குள் விடக் கூடாது. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமலும், சோற்று உருண்டையோ வாழைப்பழமோ கொடுத்து இறக்கப் பார்க்காமலும், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

காந்தங்கள் இரண்டு விழுங்கப்பட்டால், குடலின் இரு மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக் குடலைத் துளைத்துவிடும். நீரில் போட்டால் பல மடங்கு பெருக்கும் வண்ண ஜெல் மணிகள் வயிற்றுக்குள்ளும் அப்படியே பெருத்துக் குடலை அடைத்துவிடும். ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் மூச்சுக்குழாயின் வாயில் தோல்போல ஒட்டிக்கொள்வதால் வெளியே எடுப்பது கடினம். பிறந்தநாள் கொண்டாடும் வழக்கமுள்ள மையங்களில் பலூனை நிறுத்தச் சொன்னால் முகம் சுருங்கும். காகிதத் தோரணம் கட்டச் சொல்லுங்கள்.

நம் ஊர் விதைகளையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். பிள்ளையார் சிலைக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணி பார்க்க அழகானது. ஆனால் ஓடு உடைந்தோ மெல்லப்பட்டோ வயிற்றுக்குள் போனால் கடும் நஞ்சு. ஆமணக்கு விதையும், வேலியோரத்து மஞ்சள் அரளியின் காயும், ஊமத்தங்காயும் அப்படியே. மையத்தைச் சுற்றி இவை இருக்கின்றனவா என்று வெளியே ஒரு நடை நடந்து பார்ப்பதைப் பயிற்சியின் பகுதியாகவே வையுங்கள். உலர்ந்த பட்டாணியும் மொச்சையும் நஞ்சல்ல. ஆனால் மூக்கிலோ காதிலோ நுழைந்தால் ஈரத்தில் ஊறிப் பெருத்துவிடும்.

ஆறாம் படி: வாங்கும்போது

இந்தியாவில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020-இல் பிறப்பிக்கப்பட்டு, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முத்திரையின் மேலே ஐஎஸ் 9873 என்ற எண்ணோ, மின்சாரத்தாலோ பேட்டரியாலோ இயங்குவதானால் ஐஎஸ் 15644 என்ற எண்ணோ இருக்கும். கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால், உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும். பயிற்சியின்போது ஒவ்வொருவரும் தம் கைபேசியில் ஒரு முறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும். முத்திரை மட்டும் போதும், எண் தேவையில்லை என்ற எண்ணம் அப்போதுதான் மாறும்.

திருவிழாக் கடைப் பொம்மையில் இந்த முத்திரை பெரும்பாலும் இருக்காது. பெற்றோர் அன்பாகக் கொண்டுவந்து கொடுக்கும் பொம்மைகளில் அதுவே மிகுதி. வாங்க மறுத்தால் மனம் நோகும் என்பதால், "நன்றி அம்மா, சரிபார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம்" என்று வாங்கி வைத்துக்கொள்ளும் முறையைப் பழக்குங்கள்.

பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு அந்த ஆணையிலிருந்து விலக்கு உண்டு. அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு, மரப்பாச்சி, கர்நாடகத்தின் சென்னபட்டணத்து அரக்குப் பூச்சுப் பொம்மை ஆகியவை சரியான கைகளிலிருந்து வந்தால் பிளாஸ்டிக்கைவிட நான் விரும்புபவை. ஆயினும் மரம் என்பதாலேயே எதுவும் பாதுகாப்பாகிவிடாது. சொப்புச் சாமானின் குட்டிக் கரண்டியும் மூடியும் காகித உருளைக்குள் அடங்கிவிடும். இக்காலத்தில் அரக்குக்குப் பதிலாக ரசாயன வண்ணம் பூசியவையும் கடைகளில் கிடைக்கின்றன. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை மேலே வைத்துக் காட்டலாம். கடித்து விளையாட அது செய்யப்படவில்லை.

ஏழாம் படி: கையால் செய்தவை

குறைந்த செலவில் கற்பித்தல் பொருள் செய்யும் திறமை நம் பணியாளர்களிடம் நிறையவே உண்டு. அதைப் பயிற்சியில் மனம்விட்டுப் பாராட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் அதே சோதனைக்கு உட்படுத்துங்கள். பாட்டிலுக்குள் மணிகளைப் போட்டுச் செய்த கிலுகிலுப்பையின் மூடியைத் திருகி மூடினால் மட்டும் போதாது. பசையிட்டு ஒட்டி, மேலே டேப் சுற்ற வேண்டும். பூச்சிக்கொல்லி, கழிவறைத் திரவம் ஆகியவை இருந்த பாட்டில்களை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது. ஸ்டேப்ளர் பின்னும் குண்டூசியும் இல்லாமல் நூலாலும் கோதுமைப் பசையாலும் இணைக்கலாம்.

மணலுக்குப் பதிலாகக் கோலமாவைத் தட்டில் பரப்பி எழுதப் பழக்கும் வழக்கம் இருக்கிறது. கடையில் விற்கும் கோலமாவில் பெரும்பகுதி கல்மாவு. அதன் நுண்தூள் நுரையீரலுக்கு நல்லதன்று. அரிசி மாவோ ரவையோ வைத்துக்கொள்ளலாம். மைதா, உப்பு, எண்ணெய் சேர்த்துப் பிசையும் விளையாட்டு மாவு நல்ல பொருள்தான். ஆனால் அதில் உப்பு மிகுதி என்பதால், தின்னும் பிள்ளைகளிடம் கவனம் வேண்டும். பூஞ்சை பிடிக்குமுன், இரண்டு மூன்று நாளில் கொட்டிவிட வேண்டும்.

எட்டாம் படி: பயன்படுத்தும் நேரம்

எல்லாப் பொம்மைகளையும் ஒரே நேரத்தில் கொட்டிவிடும் மையத்தில் சண்டையும் எறிதலும் அதிகம் நடக்கும், உடைந்த துண்டும் கண்ணில் படாது. இரண்டு மூன்று வகைகளை மட்டும் எடுத்து வைத்து, வாரம் ஒருமுறை மாற்றினால் பழைய பொம்மையும் புதிதாகத் தெரியும். பணியாளர் எங்கே அமர வேண்டும் என்பதையும் செய்து காட்டுங்கள்: சுவரில் முதுகு சாய, எல்லா முகங்களும் தெரியும் இடத்தில், தரையில். பதிவேடு எழுதிக்கொண்டே பார்த்துக்கொள்வது என்பது பார்த்துக்கொள்வது ஆகாது. எழுதும் வேலை மலைபோல இருப்பது எனக்கும் தெரியும். அதனால்தான் சிறிய பொருள்கள் வெளியே இருக்கும் அரை மணி நேரத்திலாவது பேனாவை மூடி வைக்கச் சொல்கிறேன்.

வாயில் வைத்த பொம்மையை உடனே போட ஒரு தனி வாளி இருக்கட்டும். மதியம் சோப்புநீரில் கழுவி, அலசி, வெயிலில் காய வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் வாளியில் தண்ணீர் தேங்கவிடாமல் கவிழ்த்து வைக்க வேண்டும், ஏனெனில் சில அங்குல நீரிலும் தலைகுப்புற விழுந்த சிறுபிள்ளை மூழ்கிவிடும். வெளியே உள்ள இரும்புச் சறுக்கை, பிள்ளையை ஏற்றுமுன் உள்ளங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். மணல்குழியை இரவில் மூடாவிட்டால் பூனைகள் அதைக் கழிவறையாக்கிவிடும்.

ஒன்பதாம் படி: தொண்டையில் சிக்கினால்

ஒரு துணிப் பொம்மையை வைத்து இதை ஒவ்வொருவரும் செய்து பார்க்க வேண்டும். பிள்ளை சத்தமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வராமல், மூச்சும் அழுகையும் நின்று, முகம் நீலமானால் அது அடைப்பு. நம் வீடுகளில் புரையேறினால் உச்சந்தலையில் தட்டுவதும் தண்ணீர் புகட்டுவதும் வழக்கம்; அடைப்பில் இரண்டும் உதவா, தண்ணீர் கேடும் செய்யும். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை முன்னால் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். வெளிவராவிட்டால், பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே மடக்கிய கைமுட்டியை வைத்து உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் தலை தாழக் கவிழ்த்துப் படுக்கவைத்து ஐந்து முறை தட்டி, பிறகு மல்லாத்தி, மார்பின் நடுவே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை அழுத்த வேண்டும். அதன் வயிற்றை அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரல் விடக் கூடாது. ஒருவர் இதைச் செய்துகொண்டிருக்கும்போதே மற்றவர் 108-ஐ அழைக்க வேண்டும். பிள்ளை நினைவிழந்தால் மூச்சும் மார்பு அழுத்தமும் கொடுக்க வேண்டும் என்பதால், அதை மட்டும் மருத்துவப் பணியாளர் ஒருவரை வரவழைத்து நேரில் கற்பியுங்கள்.

பத்தாம் படி: பதிவேட்டில் ஒரு பக்கம்

தொடக்கத்தில் சொன்ன அச்சத்துக்கு இங்கேதான் மருந்து. பயிற்சி முடியும் அன்றே, "பயன்பாட்டிலிருந்து நீக்கியவை" என்று ஒரு பக்கத்தைத் தொடங்கி, தேதி, பொருள், நீக்கியதற்கான காரணம் ஆகியவற்றை எழுதச் செய்து, நீங்கள் கையொப்பமிடுங்கள். உடைந்த பொருள்களை ஒரு சாக்கில் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், முறைப்படி கழிவுநீக்கம் ஆகும்வரை வைத்தால் போதும். ஆய்வுக்கு வருபவர் கேட்டால் பக்கமும் இருக்கிறது, சாக்கும் இருக்கிறது. "உடைந்ததை எடுத்து வைத்ததற்காக உங்களை யாரும் கேள்வி கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்" என்று வாயால் சொல்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள். உங்களால் அந்த உறுதியைக் கொடுக்க முடியாவிட்டால், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே பேசி ஒப்புதல் பெற்றுக்கொண்ட பிறகு பயிற்சியைத் தொடங்குங்கள்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பச் செல்லுங்கள். அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூடப் புதிதாக எழுதப்படவில்லை என்றால், மையத்தில் எதுவும் உடையவில்லை என்று மகிழ வேண்டாம். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ஏதாவது உடைந்தே தீரும். பீரோவைத் திறந்து பாருங்கள். அப்படியே பிளாஸ்டிக் உறையோடு பொம்மைகள் இருந்தால், டீச்சரையும் ஆயாம்மாவையும் உட்காரவைத்து, மறுபடியும் பாயை விரித்து இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள்.